ஒபதியாவின் இரண்டு கெபிகள்

டோர்செட் பார்க்
25 ஏப்ரல் 2025

அண்ணா,

தாளில் எழுதுகிறேன் என்று சிரிக்க வேண்டாம். போன மாதம் உங்களுக்கு வட்ஸ்அப்பில் இரண்டு வரி எழுதினேன். அண்ணி அதைத் தன் அக்காவுக்குக் காட்ட, அக்கா படம் பிடித்துச் சபையின் பெண்கள் குழுவில் போட, அந்த ஞாயிற்றுக்கிழமை முந்நூறு பேர் என் எழுத்துப் பிழை வரைக்கும் தெரிந்து வைத்திருந்தார்கள். போனில் கதைத்தால் இரண்டு பேரும் கத்துகிறோம். ஈஸ்ரர் அன்று கத்தியதே போதும். இனி அம்மா பேரப்பிள்ளைகளைப் பார்க்க பிறம்ரனுக்கு வரும் சனிக்கிழமைகளில், சாப்பாட்டுப் பையில், ஐஸ்கிறீம் டப்பாக்களுக்கு அடியில் என் கடிதம் வரும். கண்புரை முற்றியதில் இருந்து அம்மாவுக்கு எழுத்துத் தெரிவதில்லை. இதைவிடப் பத்திரமான தபால்காரர் இந்த நாட்டில் கிடையாது.

ஈஸ்ரர் மேசையில் நான் கேட்டதைத் திரும்பக் கேட்கிறேன். மார்ச் 11, செவ்வாய்க்கிழமை, நீங்கள் பொறுப்பாக நிற்கும் வெயர்ஹவுஸில் மரியோவின் வலது கை பெட்டிகள் ஓடும் உருளைப் பட்டிக்குள் போனது. இரண்டு விரல் இல்லை. அவன் எங்கள் கட்டடத்தில் பதினோராம் மாடியில் இன்னும் நாலு பேரோடு இருக்கிறான். பேசாலையில் இருந்து வந்து இரண்டு வருடம். அவனை ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்ட, வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரன் சொல்லிக் கொடுத்தது இதுதான்: "வீட்டில மீன் வெட்டேக்க வெட்டுப்பட்டது எண்டு சொல்லு. வேற ஒண்டும் கதையாதை." பயந்த பிள்ளை அப்படியே சொன்னான். இப்போது ஏஜென்சியிடம் ஒரு தாள் இருக்கிறது. அன்று மரியோ வேலைக்கே வரவில்லை என்று அதில் இருக்கிறது. கீழே இரண்டு கையெழுத்து. ஒன்று உங்களுடையது.

இந்த வருடம் ஞாயிறு வகுப்புக்கு இராஜாக்களின் காலம் பாடம். போன கிழமை நாபோத்தின் திராட்சைத் தோட்டம் படிப்பித்தேன். ஆகாப் ராஜா அந்தத் தோட்டத்துக்கு ஆசைப்பட்டான், அவன் மனைவி யேசபேல் கடிதம் எழுதினாள், ஊர் மூப்பர்கள் ஒரு கேள்வியும் கேட்காமல் சபை கூட்டினார்கள், இரண்டு பேர் எதிரே உட்கார்ந்து பொய் சொன்னார்கள், நாபோத்தைக் கல்லெறிந்து கொன்றார்கள். என் வகுப்பில் ஜெனாட் என்று ஒரு பதினாலு வயதுக்காரி. அவள் கேட்டாள்: "மிஸ், அந்த ரெண்டு பேருக்கும் பிறகு என்ன நடந்தது?" தெரியாது என்று சொன்னேன். எனக்குத் தெரியும். ஒருவர் ஈஸ்ரருக்கு எங்கள் வீட்டில் ஆட்டிறைச்சிக் கறி சாப்பிட்டார்.

விபத்துக் காப்புக்கு ஆறு மாதத்துக்குள் மனுப் போட வேண்டும் என்று சட்ட உதவி கிளினிக்கில் சொன்னார்கள். செப்ரெம்பர் 11 கடைசி நாள். அவன் அன்று அங்கே நின்றான் என்று காட்ட ஒரு துண்டுத் தாளாவது வேண்டும்.

அம்மா நண்டுக்கறி அனுப்புகிறா. உங்களுக்கு என்று சொல்லச் சொன்னா. சொல்லிவிட்டேன்.

கரோலின்


பிறம்ரன்
27 ஏப்ரல்

கரோ,

நண்டு நல்ல ருசி. அம்மாவிடம் சொல்லு. டப்பாக்களில் அப்பிள் போட்டிருக்கிறேன். வெறும் டப்பாவை அனுப்பினால் அம்மா என்ன சொல்லுவா என்று உனக்குத் தெரியும்.

நீ எழுதியது சரி. சரியாக இருப்பதால்தான் பதில் எழுதக் கஷ்டமாக இருக்கிறது. வேலைத் தாளின் பின்பக்கத்தில் எழுதுகிறேன், கோபிக்காதே.

நாங்கள் 2011இல் வந்து இறங்கினபோது உனக்குப் பன்னிரண்டு வயது. விமான நிலையத்துக்கு எங்களை ஏற்ற வான் வண்டி கொண்டுவந்தது நேசராசா அங்கிள். முதல் எட்டு மாதம் இருந்தது அவருடைய வீட்டுப் பேஸ்மன்றில். அம்மா போட்ட முதல் குளிர்க் கோட்டு அவருடைய மனைவியின் பழைய கோட்டு. வந்த மூன்றாம் நாள் எனக்கு வேலை தந்தார். அப்போது அவர் சபையில் மூப்பரும் இல்லை, அவருடைய ஏஜென்சியும் பெரிதில்லை. வருடத்துக்கு ஒருக்கா அந்த வான் கதையைச் சொல்லுவார். சொல்லாத நாட்களிலும் எனக்குக் கேட்டுக்கொண்டே இருக்கும்.

அன்று நடந்ததை நான் எழுதினேன். பொறுப்பாக நிற்பவன் எழுத வேண்டும், எழுதினேன். அடுத்த நாள் காலை அங்கிள் என்னைக் கூப்பிட்டார். நான் எழுதின தாளை நாலாகக் கிழித்துக் கூடையில் போட்டார். மேசையில் வேறு தாள் தயாராக இருந்தது. என் பெயர் முதலே அடித்திருந்தது. "இதில போடு தம்பி" என்றார். போட்டேன்.

எனக்கு இரண்டு பிள்ளைகள். இதை ஒரு நியாயமாக எழுதவில்லை. உனக்குத் தெரியும் என்பதால் எழுதுகிறேன்.

மரியோவின் கை இப்போது எப்படி?

அண்ணா


டோர்செட் பார்க்
6 யூன்

அண்ணா,

மரியோவின் கை எப்படி என்று கேட்டிருந்தீர்கள். சேட்டின் பொத்தானைப் பூட்ட ஏழு நிமிடம் எடுக்கிறது. நான் நேரம் பார்த்தேன்.

போன ஞாயிறு நடந்தது உங்களுக்கு வந்து சேர்ந்திருக்கும். என் வாயாலும் கேளுங்கள். சாட்சி நேரம் வந்தது. வழக்கம் போல வரிசையில் நின்று ஒவ்வொருவராக ஒலிவாங்கியில் நன்றி சொன்னார்கள். ஒருவருக்கு விசா, ஒருவருக்கு வீடு, ஒருவருக்கு நீரிழிவு குறைந்தது. பிறகு நேசராசா அங்கிள் எழும்பி, "எங்கட மரியோத் தம்பி ஒரு சாட்சி சொல்லுவார்" என்று அவன் தோளில் கைபோட்டு முன்னுக்குக் கொண்டுவந்தார். மரியோ வலது கையைக் கால்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, தன்னைக் கைவிடாத தேவனுக்கும் அங்கிளுக்கும் நன்றி சொன்னான். மனப்பாடம். எல்லோரும் ஆமென் சொன்னார்கள்.

நான் வரிசையில் போய் நின்றேன். "மரியோ நன்றி சொன்னவர். அவற்ற விரல் ரெண்டும் எங்க போனது எண்டு இந்தச் சபையில ஒருத்தரும் கேக்கேல்ல" என்றேன். அடுத்த வசனத்தில் ஒலிவாங்கி செத்துவிட்டது. கத்தினேன். சபை கூடும் அந்த உடற்பயிற்சி மண்டபத்தில் என் குரல் கூரையில் முட்டித் திரும்பி வந்தது. ஒரு அன்ரி பின்னால் இருந்து, "நன்றி கெட்டதுகள், வானில ஏத்திக்கொண்டு வந்த மனிசனுக்கு" என்றா. செவ்வாய்க்கிழமை போதகர் போன் எடுத்தார். "பிள்ளையளுக்கு ஒரு சின்ன இடைவெளி குடுப்பம், கரோலின்." வகுப்பு போய்விட்டது.

இந்த ஊரில் எங்கள் சனத்தின் கழுத்தில் கட்டியிருக்கும் கயிற்றுக்குப் பெயர் நன்றி. வேலை தந்தவன் ஒரு முனையைப் பிடித்திருப்பான். சம்பளம் குறைத்தால் நன்றி, விரலை எடுத்தால் நன்றி. ஆகாபை எதிர்த்து நின்ற எலியா தீர்க்கதரிசி சொன்னது போல, நான் ஒருத்திதான் மிச்சம்.

நீங்கள் யார் தெரியுமா? ஆகாபின் அரமனை விசாரிப்புக்காரன். ஒபதியா. தேசத்தில் மூன்று வருடம் மழை இல்லை, சனம் சாகிறது. ராஜாவும் அவனும் நாட்டை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டு புல் தேடிப் போகிறார்கள். யாருக்குப் புல்? குதிரைக்கும் கோவேறு கழுதைக்கும். சனம் பிறகு. உங்கள் வேலையும் அதுதான். பட்டி நிற்காமல் ஓட வேண்டும்.

இந்த முறை கடிதத்துக்கு மேல் மாம்பழம் இருக்கிறது. கவனமாக எடுங்கள்.

கரோலின்


பிறம்ரன்
8 யூன்

கரோ,

நீ ஐந்தாம் வசனத்தில் தொடங்கியிருக்கிறாய். ஒரு வசனம் முன்னால் போய் வாசி.

அந்த ஆள் நான் என்று சொல்ல வரவில்லை. அவனும் ஆகாபிடம் சம்பளம் வாங்கினவன் என்று மட்டும் சொல்லுகிறேன்.

அம்மாவின் கண்ணுக்கு நாள் கிடைத்துவிட்டது. வலது கண் யூலை 8, இடது கண் ஓகஸ்ட் 5. இரண்டு நாளும் லீவு எடுத்திருக்கிறேன். காலை ஆறு மணிக்கு வந்து ஏற்றுவேன். நீ வேலைக்குப் போ. என்னோடு காரில் இருக்க உனக்கு விருப்பமில்லை என்று தெரியும்.

பிள்ளைகள் மாம்பழத்தை முடித்துவிட்டார்கள்.

அண்ணா


டோர்செட் பார்க்
29 ஓகஸ்ட்

அண்ணா,

முதலில் நன்றி. இதை எழுத எனக்கு மூன்று மாதம் பிடித்தது.

அம்மா பார்க்கிறா. கட்டடத்தின் லிஃப்ற்றுக்குள் ஒட்டியிருக்கும் அறிவித்தல் எல்லாவற்றையும் சத்தமாக வாசிக்கிறா. யன்னலில் நின்றே பஸ் இலக்கம் சொல்லுகிறா. நேற்று என் முகத்தைப் பிடித்துப் பார்த்து, "உனக்கு உதட்டுக்கு மேல மச்சம் இருக்கே, எப்ப வந்தது?" என்றா. பிறந்ததில் இருந்து இருக்கிறது. இரண்டு முறையும் விடியப் பிறம்ரனில் இருந்து வந்து, ஏற்றி, காத்திருந்து, கண்ணுக்கு மருந்து விட்டுப் போனீர்கள். நான் மேலே யன்னலில் நின்று பார்த்தேன். இறங்கி வரவில்லை. அதற்கு வெட்கப்படுகிறேன்.

ஒரு வசனம் முன்னால் போனேன். அன்றே போனேன், சொல்லாமல் இருந்தேன். யேசபேல் தீர்க்கதரிசிகளைக் கொன்றுகொண்டிருந்தபோது ஒபதியா நூறு பேரை எடுத்து, ஐம்பது ஐம்பதாக இரண்டு கெபிகளில், மலைக் குகைகளில், ஒளித்து வைத்து, அப்பமும் தண்ணீரும் கொடுத்து உயிரோடு வைத்திருந்தான். அரமனைச் சாவி கையில் இருந்தவன் என்பதால்தான் அவனால் அது முடிந்திருக்கிறது. பஞ்ச காலத்தில் நூறு பேருக்கு அப்பம் வேறு எங்கிருந்து வரும்? எலியா கையை விரித்துக் கத்தினவர். அவரால் ஒருவருக்கும் சாப்பாடு போட முடியவில்லை. அவருக்கே காகம் கொண்டுவர வேண்டியிருந்தது.

வகுப்பு நின்றாலும் நாலு பிள்ளைகள் வருகிறார்கள். எங்கள் கட்டடத்தில் உடுப்புத் தோய்க்கும் அறையில், இயந்திரங்கள் சுற்றிக்கொண்டிருக்க வாசிக்கிறோம். போன சனிக்கிழமை பின்னுக்குப் போய் இந்த இடத்தை வாசித்தோம். ஜெனாட் கேட்டாள்: "ஏன் மிஸ் ரெண்டு கேவ்? ஒரு பெரிய கேவ் காணாதா?" இன்னொருத்தி உடுப்பு மடித்தபடி சொன்னாள்: "ஒண்டு பிடிபட்டா மற்றது மிஞ்சும். பக்கப் எடி."

அந்த இடத்தில் நான் வாசிப்பதை நிறுத்திவிட்டேன்.

அண்ணா, உங்களுக்கு இருபது வயதில், ஒரு சாமான் கட்டுத் தொலைந்ததற்கு உங்களைக் குற்றம் சாட்டினார்கள். நீங்கள் எழுதின தாளை யாரோ தொலைத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு எதை எழுதினாலும் இரண்டாக எழுதுவீர்கள். பாண் வாங்கின ரசீதுத் துண்டைக்கூட இரண்டு இடத்தில் வைக்கும் ஆள் என்று அண்ணி உங்களைப் பகிடி பண்ணுவா. நேசராசா அங்கிள் கிழித்தது ஒரு தாள்.

ஒரே ஒரு முறை கேட்கிறேன். இரண்டாவது கெபி இருக்கிறதா?

பதின்மூன்று நாள் இருக்கிறது. கிளினிக் லோயர் சொல்லுகிறா, ஏஜென்சி முடிவை எதிர்த்தால்தான் மனுவின் கோவை, தாள்கள் எல்லாம், அவர்கள் கைக்குப் போகும், அதுவரை யார் தந்த தாள் என்று வெளியே வராது என்று. பன்னிரண்டு பேர் அந்த நேரம் அங்கே நின்றிருக்கிறீர்கள். ஆனாலும் நான் கேட்பது சின்ன விஷயம் இல்லை என்று தெரியும். இல்லை என்று எழுதினாலும் அடுத்த சனிக்கிழமையும் சாப்பாடு வரும். கடிதமும் வரும்.

கரோலின்


பிறம்ரன்
31 ஓகஸ்ட்

கரோ,

இருக்கிறது. இதோடு வைத்திருக்கிறேன்.

மார்ச்சில் இருந்து காரில், முன் பெட்டியில், இன்சூரன்ஸ் உறைக்குள் இருந்தது. அம்மாவைக் கண்ணுக்குக் கூட்டிக்கொண்டு போன இரண்டு நாளும் அவவின் முழங்காலுக்கு முன்னால் இருந்தது. பிள்ளைகளுக்கு மூக்குத் துடைக்கத் தாள் எடுக்கும்போதெல்லாம் கையில் பட்டது. எடுப்பேன், பார்ப்பேன், திரும்ப வைப்பேன்.

அதில் எல்லாம் இருக்கிறது. பிற்பகல் 2:40. மூன்றாம் பட்டி. மரியோவின் பெயர். பட்டியின் பாதுகாப்பு மூடி பெப்ரவரியில் இருந்து இல்லை, நான் மூன்று தரம் சொன்னேன், அந்த மூன்று திகதியும். கீழே என் கையெழுத்து. மற்றத் தாளிலும் அதே கையெழுத்துத்தான். லோயரிடம் சொல்லு, பொய்த் தாளிலும் போட்டது நான்தான், கேட்டால் அதையும் சொல்லுவேன் என்று.

ஒபதியாவைப் பற்றி நீ பெரிதாக எழுதியிருக்கிறாய். எலியா அவனிடம், போய் ராஜாவிடம் நான் வந்திருக்கிறேன் என்று சொல்லு என்றபோது அவன் என்ன சொன்னான் என்று பார். என்னைக் கொல்லுவான், கொல்லுவான், கொல்லுவான் என்று மூன்று தரம் சொல்லுகிறான். நூறு பேரை ஒளித்தவனுக்கும் பயம் போகவில்லை. எனக்கு ஒரு தாளுக்கே ஆறு மாதம் பிடித்தது.

யாருக்கும் சொல்லாதே. மரியோவுக்கும் சொல்லாதே, அவனுக்கு முகத்தில் ஒன்றும் நிற்காது. எனக்கு நன்றியும் சொல்லாதே.

உறை ஒட்டவில்லை. வீட்டில் பசை இல்லை, பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு என்று முடித்துவிட்டார்கள். அம்மாதானே கொண்டுவருகிறா.

அண்ணா


டோர்செட் பார்க்
12 செப்ரெம்பர்

அண்ணா,

எட்டாம் திகதி மனுப் போட்டாயிற்று. மூன்று நாள் மிச்சம் வைத்து.

நன்றி சொல்லாதே என்று எழுதியிருந்தீர்கள். முடியாது. வாழ்க்கையில் முதன்முறை அந்தச் சொல் எனக்குக் கசக்காமல் வருகிறது, அதையும் தடுக்க வேண்டாம். நன்றி. லோயர் அந்தத் தாளை இரண்டு தரம் வாசித்துவிட்டு, மேசையில் வைத்து, ஓரங்களைக் கையால் நீவினா. நான் அருகே இருந்து பார்த்தேன். உங்கள் கோணல் எழுத்து எவ்வளவு அழகாக இருந்தது.

ஒன்றைக் கண்டுபிடித்தேன். ஒபதியா தன் வாயாலேயே எலியாவிடம் சொல்லுகிறான், நூறு பேரை ஒளித்து வைத்திருக்கிறேன் என்று. எலியா அதைக் கேட்டார். அதே அதிகாரத்தில், கர்மேல் மலையில் சனத்துக்கு முன்னால் நின்று, நான் ஒருவன்தான் மிச்சம் என்கிறார். அடுத்த அதிகாரத்தில் இன்னும் இரண்டு தரம் சொல்லுகிறார். இவ்வளவு வருடம் அந்த இடத்தை வாசிக்கும்போது எனக்கு மயிர் கூச்செறியும். இப்போது அவருடைய சேட்டைப் பிடித்து உலுப்பலாம் போல இருக்கிறது. நூறு பேரை எங்கே விட்டீர், அவர்களுக்கு அப்பம் சுமந்தவனை எங்கே விட்டீர்?

யூனில் நானும் அதைத்தான் எழுதினேன். நான் ஒருத்திதான் என்று. அந்த நேரம் தாள் காரில் இருந்தது. என்னை மன்னியுங்கள்.

கோபம் போகவில்லை. போகவும் விடமாட்டேன். இனி அதை நீட்டும் திசையைப் பார்த்து நீட்டுவேன்.

அம்மா ஒரு மாதிரி இருக்கிறா. கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போடுகிறா. நேற்றுக் குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டா: "ஒபதியா எண்டவர் ஆர் பிள்ளை? நல்ல மனிசனோ?" உடுப்பு அறையில் படிப்பிப்பது காதில் விழுந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

கரோலின்


டோர்செட் பார்க்
13 ஒக்ரோபர்

அண்ணா,

இதைத் தபாலில் போடுகிறேன். அம்மா இந்தச் சனிக்கிழமை வரமாட்டேன் என்கிறா. உங்கள் போனையும் எடுக்கமாட்டா. குசினிக் கதிரையில் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு இருக்கிறா. யார் எப்படிச் சொல்லியிருந்தாலும், நடந்தது இதுதான்.

வெள்ளிக்கிழமை மரியோவுக்குக் கடிதம் வந்தது. அவன் மனுவை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். அவன் பதினோராம் மாடியில் இருந்து படியால் ஓடிவந்து, கதவைத் திறந்த அம்மாவின் கையில் அதைக் கொடுத்தான். அம்மா சொல் சொல்லாக வாசித்தா. ஆங்கிலம் விளங்காத இடத்திலும் வாசித்தா.

நேற்று நன்றி செலுத்தும் ஞாயிறு. மேடைக்கு முன்னால் பூசணிக்காயும் அரிசி மூட்டையும் கோபுரமாக அடுக்கியிருந்தது. முன் வரிசையில் நேசராசா அங்கிள். நான் அம்மாவுக்குத் துணையாகப் போய்ப் பின்னால் இருந்தேன். சாட்சி நேரத்தில் அம்மா எழும்பினா. கண்ணுக்கு நன்றி சொல்லப் போகிறா என்று நினைத்து, நானே கையைப் பிடித்து வரிசையில் விட்டேன்.

"என்ர கண்ணுக்காகத் தேவனுக்கு ஸ்தோத்திரம்" என்று தொடங்கினா. ஆமென் என்றார்கள். "இந்தக் கண்ணால முதல் முதல் முழுசா வாசிச்சது வேதம் எண்டு சொல்ல எனக்கு ஆசை. ஆனா இந்த இடத்தில நிண்டு பொய் சொல்ல ஏலாது. பஸ்ஸுக்குள்ள இருந்து, ஒட்டாத உறைக்குள்ள கிடந்த என்ர மகன்ர கடிதத்தைத்தான் வாசிச்சனான்."

நான் எழும்பினேன். இருபது கதிரை தாண்ட வேண்டும்.

"என்ர மகன் மாக்கஸ் பயந்தவன் எண்டு நான் நினைச்சிருந்தனான். அவன் மார்ச்சில இருந்து ஒரு தாளைக் காருக்குள்ள ஒளிச்சு வைச்சிருந்தவன். ஒபதியா கெபியில ஒளிச்ச மாதிரி. அந்தத் தாளாலதான் இந்த மரியோப் பிள்ளைக்கு ஞாயம் கிடைச்சது. இப்பிடி ஒரு பிள்ளையைத் தந்த தேவனுக்கு ஸ்தோத்திரம்."

முந்நூறு பேர் ஆமென் என்றார்கள். நேசராசா அங்கிளும் சொன்னார், பழக்க தோஷத்தில், கை உயர்த்தி. பிறகு அந்தக் கை மெல்ல இறங்கியது. அவர் திரும்பி அம்மாவைப் பார்த்தார். அம்மா அவரைப் பார்த்துச் சிரித்தா. அவருக்கும் சேர்த்து நல்ல செய்தி சொல்லிவிட்டேன் என்று நினைத்திருக்கிறா. அவரும் சபை மூப்பர் அல்லவா, சந்தோசப்படுவார் என்று. தாளைக் கிழித்தது அவர் என்று அந்தக் கடிதத்தில் இல்லை, யாருக்கும் சொல்லாதே என்றதையும் மனு வெல்லும் வரைக்கும்தான் என்று எடுத்திருக்கிறா.

வீட்டுக்கு வரும் வழியில்தான் நான் சொன்னேன். கத்தவில்லை. சொன்னவுடன் கண்ணாடியைக் கழற்றினா. "ஏன் எனக்கு இந்தக் கண்" என்று மட்டும் சொன்னா.

அண்ணா, என்ன நடந்தது என்று எழுதுங்கள். கெட்டதானாலும் எழுதுங்கள். கண்ணை மறந்து, உறையை ஒட்டு என்று எழுதாமல் விட்டது நான். அம்மாவைக் கோபிக்க வேண்டாம்.

கரோலின்


பிறம்ரன்
26 ஒக்ரோபர்

கரோ,

இந்தக் கடிதத்தை அம்மாவிடம் கொடு. அவவே வாசிக்கட்டும். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு.

வேலையில் இருந்து என்னை நிற்பாட்டவில்லை. அப்படி ஏஜென்சிகள் செய்யாது. ஒவ்வொரு பின்னேரமும் ஆறு மணிக்கு அடுத்த நாள் வேலை என்று போனில் வரும். திங்கட்கிழமை வரவில்லை. செவ்வாய் வரவில்லை. இன்றுவரை வரவில்லை. லோயரின் இலக்கம் அனுப்பு. இதற்கும் சட்டம் இருக்கிறது என்று நீ சொல்லுவாய்.

புதன்கிழமை நேசராசா அங்கிள் போன் எடுத்தார். "உன்னை மாதிரி நன்றி கெட்டவனை நான் காணேல்ல. ஆரடா உன்னை வானில ஏத்தினது?" என்றார். இத்தனை வருடம் அந்தக் கேள்விக்குத்தான் நான் பயந்துகொண்டிருந்தேன். கேட்டவுடன் பயம் இல்லை. "நீங்கள்தான் அங்கிள். அதுக்கு இண்டைக்கும் நன்றி. மரியோ அந்த வானில வரேல்ல" என்றேன். வைத்துவிட்டார்.

உன் அண்ணி இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள் தன் அக்காவுக்குப் போன் எடுத்து, "இதையும் படம் பிடிச்சுப் போடுங்கோ" என்று முழுக் கதையையும் சொன்னா. அதனால்தான் பிறகு நடந்தது நடந்திருக்க வேண்டும்.

வியாழக்கிழமை மூன்றாம் பட்டியில் நிற்கும் பஞ்சாபிக்காரர் வந்தார். ஒரு டப்பாவில் ரொட்டி. உள்ளே வரவில்லை. கதவில் நின்று போனைக் காட்டினார். பாதுகாப்பு மூடி இல்லாத பட்டியின் படம், பெப்ரவரித் திகதியோடு. எட்டு மாதமாக அவரிடம் இருந்திருக்கிறது. "நான் மட்டும்தான் வைத்திருக்கிறேன் என்று நினைத்தேன்" என்றார். அடுத்த நாள் இன்னும் இரண்டு பேர். ஒரு பெண் தன் டயறியில் விபத்து நடந்த நேரத்தை எழுதி வைத்திருந்தா. அவவும் டப்பாவோடுதான் வந்தா. அங்கே நின்ற எல்லோரிடமும் ஏதோ ஒன்று இருந்திருக்கிறது, கரோ. ஒவ்வொருவரும் தனித்தனியாகப் பயந்துகொண்டு இருந்திருக்கிறோம். கடைசியில் தேவன் எலியாவிடம் ஏழாயிரம் பேர் கணக்குச் சொன்னாரே, அவர்களும் எங்களைப் போலத்தான் சத்தம் போடாமல் இருந்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். அது அவர்களுக்குப் பெருமை இல்லை. ஆனால் இருந்தார்கள்.

நேற்று மரியோ வந்தான். மூன்று பஸ் மாறி, டோர்செட் பார்க்கில் இருந்து. இடியப்பமும் சொதியும். தானே பிழிந்ததாம். வலது கையால் அமத்த முடியாது, இடியப்ப உரலைக் கதிரையில் வைத்து நெஞ்சால் அமத்தினானாம். இடியப்பம் ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவு. மேசையில் வைத்து, டப்பாவை வயிற்றோடு அணைத்து, இடது கையால் மூடியைத் திறந்தான். நான் உதவிக்குக் கை நீட்டினேன். "விடுங்கோ அண்ணை, நான் திறப்பன்" என்றான். திறந்தான். பிள்ளைகள் கை தட்டினார்கள். நானும் உன் அண்ணியும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் சாப்பிட்டோம்.

அம்மா, இனி உங்களுக்கு. நீங்கள் சபையில் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. நான் பயந்தவன் என்று நீங்கள் நினைத்திருந்தது சரி. ஒளித்ததும் பயத்தில்தான். நீங்கள் சொல்லாமல் விட்டிருந்தால் நான் இன்றைக்கும் காலையில் அந்த மூன்றாம் பட்டிக்குப் பக்கத்தில், ஒன்றும் தெரியாதவன் போல நின்றுகொண்டிருப்பேன். அந்தக் கண்ணுக்கு நானும் ஸ்தோத்திரம் சொல்லுகிறேன்.

அடுத்த சனிக்கிழமை கட்டாயம் வரவேண்டும். சாப்பாடு கொண்டுவர வேண்டாம், குளிர்சாதனப் பெட்டியில் இடமில்லை. இங்கே குசினியில் பதினொரு டப்பா கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறது. பஞ்சாபிக்காரருடையது, டயறிக்காரியுடையது, மரியோவுடையது, பெயர் தெரியாதவர்களுடையது. வெறும் டப்பாவை எப்படித் திருப்பிக் கொடுப்பது? நீங்கள் வந்து சமைத்தால்தான் கொடுக்கலாம்.

மாக்கஸ்